பேட்டரி அறையிலிருந்து மென்பொருள் வரை: செங்கல்பட்டு–மாமல்லபுரம் கடற்கரையில் தொலைத்தொடர்பு மின்காப்பின் வளர்ச்சி

செங்கல்பட்டு வட்டாரத்தின் தொலைத்தொடர்பு வரலாற்றைத் தேடுபவர் முதலில் எல்லைகளைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கடற்கரை 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பிறகு காஞ்சிபுரம் மாவட்டமானது. 2019 நவம்பர் 29 முதல் மீண்டும் செங்கல்பட்டு. செல்பேசி உரிமங்கள் வகுத்த எல்லையோ வேறு. சென்னைத் தொலைபேசியின் பகுதியோடு மறைமலைநகர், மீஞ்சூர், மாமல்லபுரம் எக்ஸ்சேஞ்சுகளையும் பெயர் குறிப்பிட்டுச் சென்னை வட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் மாமல்லபுரத்துக்குக் கரண்ட் வருவது செங்கல்பட்டு மின்பகிர்மான வட்டத்திலிருந்து. பேச்சுக்குச் சென்னை, மின்சாரத்துக்குச் செங்கல்பட்டு என்ற இந்த நிலைதான் இக்கடற்கரையின் மின்காப்பு வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது என்று கருதுகிறேன்.

தொலைத்தொடர்பில் மின்மேலாண்மை மென்பொருள் வந்ததைக் கணினி வளர்ச்சியின் ஒரு கிளையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. ஒரே அறையில் இருந்த பேட்டரி நூற்றுக்கணக்கான இடங்களுக்குச் சிதறியதும், அந்தப் பேட்டரியின் வாய் மூடப்பட்டதுமே மென்பொருளைக் கட்டாயமாக்கின. பேட்டரி அறை ஊழியர் செய்துவந்த வேலைகளில் பார்ப்பதையும் பதிவதையும் மென்பொருள் நன்றாகவே ஏற்றுக்கொண்டது. சோதிப்பதுதான் பாதி வழியில் விடுபட்டது. இக்கட்டுரை அந்த விடுபடலைப் பின்தொடர்கிறது.

பேட்டரி அறை

சென்னையில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி 1881-இல் எக்ஸ்சேஞ்ச் திறந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டுத் தொலைபேசிக்கும் தனி பேட்டரி வேண்டியிருந்தது. பின்னர் வந்த பொது பேட்டரி முறை அதை மாற்றியது. மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து செம்புக் கம்பி வழியே வீட்டுக்கு வந்தது. 2 வோல்ட் செல்கள் 24-ஐ வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். அதன் நேர்முனையைப் பூமியில் இணைத்து, கம்பிகளை எதிர் மின்னழுத்தத்தில் வைத்தார்கள். ஈரத்தில் கிடக்கும் செம்பு மின்வேதி அரிப்பால் கரையாமல் இருக்க எடுத்த முன்னெச்சரிக்கை அது. உப்புக்காற்று வீசும் ஊர்களுக்கு மிகவும் வேண்டியது. கரண்ட் போன இரவிலும் பழைய கறுப்புத் தொலைபேசி பேசியதற்குக் காரணம், அதன் உயிர் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையில் இருந்ததுதான்.

அந்த அறைக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. அமில ஆவி வெளியேற விசிறி, வரிசை வரிசையாகத் திறந்த ஈய-அமில செல்கள், சுவரில் அமில அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர், மேசையில் பதிவேடு. தொகுதியில் ஒரு செல்லைப் ‘பைலட் செல்’ என்று குறித்துவைத்து, அதன் அமில அடர்த்தியையும் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் ஊழியர் எழுதுவார். அடர்த்தி 1.2-ஐ ஒட்டி இருந்தால் செல் நல்ல நிலையில் இருக்கிறது. இறங்கினால் சார்ஜ் போதவில்லை. நீர்மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை, பேட்டரியை உண்மையான சுமையில் இறக்கி, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அந்தப் பேட்டரியை நம்பலாமா என்பதைக் கடைசியாகச் சொன்னது அந்தச் சோதனைதான்.

சிதறிய பேட்டரிகள்

1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட், 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் 128 இணைப்பு கொண்ட கிராமத் தானியங்கி எக்ஸ்சேஞ்சை நிறுவியது. குளிரூட்டும் வசதி இல்லாமலே நம் வெயிலில் இயங்கும்படி வடிவமைத்தது அதன் பெருமை. பெரும்பாலும் முழுநேர ஆள் இல்லாத கட்டடங்களில் இத்தகைய எக்ஸ்சேஞ்சுகள் வந்தபோது, பேட்டரி இறங்குவதைப் பார்க்க அருகில் யாரும் இல்லை என்ற நிலை உருவானது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் வேறு வழி காட்டியது. கம்பியில்லா இணைப்பு தரும் அதன் சிறிய அடித்தள நிலையத்துக்கு, குரலைச் சுமக்கும் செம்புக் கம்பிகளிலேயே மின்சாரமும் போனது. பேட்டரி ஓரிடத்தில் இருந்தால் போதும். இந்த அணுகுமுறையின் மதிப்பு அப்போது சரியாக உணரப்படவில்லை என்பது என் எண்ணம்.

1995 ஜூலை 31-இல் கொல்கத்தாவில் தொடங்கிய செல்பேசிச் சேவை நேர் எதிர்த் திசையில் போனது. ஒவ்வொரு டவருக்கும் மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் தனி ரெக்டிஃபையர், தனி பேட்டரி, தனி டீசல் ஜெனரேட்டர். கூடவே மூடிய வகை ஈய-அமில பேட்டரி பரவியது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமில ஆவி தொல்லை இல்லை, எங்கும் வைக்கலாம். ஆனால் அதற்குள் ஹைட்ரோமீட்டர் நுழையாது. பேட்டரியின் உள்நிலையை நேராகச் சொன்ன ஒரே அளவு கைவிட்டுப் போனது. மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம் என்ற மூன்றையும் வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று கணிக்க வேண்டியதாயிற்று. கணிக்கும் வேலை வந்த இடத்தில்தான் மென்பொருளும் வந்தது.

அதற்கான மொழி உலக அளவில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. பிணையக் கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறை 1990-இல் ஆர்.எஃப்.சி. 1157 ஆக வெளியானது. 1994-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1628, தடையில்லா மின்கருவி எந்தெந்தத் தகவலைத் தர வேண்டும் என்று வரையறுத்தது: பேட்டரியில் ஓடத் தொடங்கி எத்தனை நொடி, இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும், மீதி சார்ஜ் எத்தனை சதவீதம். அதே ஆவணத்தில் சோதனைக்கென்று தனிப் பகுதி உண்டு. பேட்டரியை ஆழமாக இறக்கி அளவீட்டைச் சரிசெய்யும் சோதனைக்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறார்கள். இறக்கிப் பார்க்காமல் மீதி நிமிடக் கணக்கை நம்ப முடியாது என்பதைத் தரம் வகுத்தவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

வெட்டும் டீசலும்

2008-இல் தொடங்கி சில ஆண்டுகள் நீடித்த தமிழகத்தின் மின்வெட்டு இந்த வரலாற்றின் திருப்புமுனை. 2012-இல் சென்னையில் 2 மணி நேரமாக இருந்த வெட்டு, மற்ற மாவட்டங்களில் நாளின் பாதியைத் தாண்டியது. மேலே சொன்ன எல்லைச் சிக்கல் இங்கே நேரடியாகத் தெரிகிறது: பிணையத் திட்டத்தில் சென்னையோடு எண்ணப்பட்ட கடற்கரைக்கு மின்சாரம் வந்த வழி மாவட்டத்துடையது. தினமும் பலமுறை இறங்கி ஏறிய பேட்டரி சீக்கிரமே தேய்ந்தது. ஜெனரேட்டர் ஓட்டம் கூடியது. டீசல் கணக்கும் டீசல் திருட்டும் பெரும் தலைவலியாயின. 2012 ஜனவரி 4-இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட உத்தரவு, 2015-க்குள் கிராம டவர்களில் 50 சதவீதமும் நகர டவர்களில் 20 சதவீதமும் மரபுசாரா ஆற்றலும் மின்வாரிய மின்சாரமும் கலந்த முறையில் இயங்க வேண்டும் என்றது. 2020-க்கான இலக்கு முறையே 75, 33 சதவீதம். சூரியத் தகடு, பேட்டரி, மின்வாரிய (ஈ.பி.) மின்சாரம், ஜெனரேட்டர் என நான்கு மூலங்களில் எதை எப்போது எடுப்பது என்று முடிவெடுக்க ஒரு கட்டுப்பாட்டுக் கருவி தேவைப்பட்டது. இதோடு மென்பொருளின் வேலை பார்ப்பதோடு நிற்காமல் ஆள்வதாகவும் மாறியது.

நிறுவுதலும் சோதனையும்

இந்தக் கட்டுப்பாட்டுக் கருவியை நிறுவும் பணியில் கம்பி இணைப்பே பாதி. ரெக்டிஃபையரும் பின்னாளில் வந்த லித்தியம் பேட்டரியும் ஆர்.எஸ்.485 என்ற தகவல் கம்பியில் மோட்பஸ் என்ற நெறிமுறை மொழியில் பேசும். கதவு, புகை, ஜெனரேட்டர் கோளாறு போன்ற அலாரங்கள் வெறும் தொடுமுனைகளாக வரும். இந்தத் தொடுமுனையை இரண்டு விதமாக இணைக்கலாம். வழக்கமாகத் திறந்திருந்து கோளாறு வந்தால் மூடுவது ஒன்று; வழக்கமாக மூடியிருந்து கோளாறு வந்தால் திறப்பது மற்றது. கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடலோரத்தில் நிற்கும் டவர் கருவி அறைகளில் உப்பு படிந்து டெர்மினல் பச்சை பூக்கும். முதல் வகையில் இணைத்திருந்தால், அரித்துப்போன தொடுமுனை ஜெனரேட்டர் பழுதான இரவிலும் வாய் திறக்காது. இரண்டாம் வகையில் அரிப்பே அலாரமாக ஒலிக்கும். பொய் அலாரம் என்று கண்காணிப்பு மையத்தில் சலித்துக்கொள்வார்கள். இந்தக் கடற்கரையில் இரண்டாம் வகையே சரி என்பேன். சலிப்பைத் தாங்கிக்கொள்ளலாம், மௌனம் ஆபத்து.

அடுத்தது வெப்பம். மூடிய பேட்டரியின் திறனை நம் நாட்டில் 27 பாகையில் குறிக்கிறார்கள். வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அதனால் வெப்பம் ஏற ஏற மென்பொருள் சார்ஜ் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும்: செல்லுக்கு ஒரு பாகைக்குச் சுமார் 3 மில்லிவோல்ட், 24 செல்லுக்கு 72 மில்லிவோல்ட். 27 பாகையில் 54 வோல்ட் மிதவை சார்ஜில் இருக்கும் தொகுதி 37 பாகையில் 53.3 வோல்ட்டை ஒட்டி இறங்க வேண்டும். இதைச் சோதிக்க அனுபவசாலிகள் வெப்ப உணரியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, திரையில் எண் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். உணரி பேட்டரியின் உடலில் ஒட்டாமல் ஏ.சி. காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால், மென்பொருள் அறையின் குளிர்ச்சியைப் பேட்டரியின் குளிர்ச்சியாக எடுத்துக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பிழை ஓர் எண்ணில் இருக்கிறது. நிறுவும் நாளில் பேட்டரியின் திறனை, 600 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம், கருவியில் பதிகிறார்கள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கூட்டிக் கழித்து மீதியைக் காட்டுவது அந்த எண்ணை நம்பித்தான். பேட்டரி தேய்ந்து 300 ஆன பிறகும் எண் 600 என்றே நின்றால், 6 மணி நேரம் தாங்கும் என்று திரை உறுதி சொல்லும் டவர் 3 மணி நேரத்தில் அணையும். திறன் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது ஐ.இ.இ.இ. 1188 வழிகாட்டி சொல்லும் அளவுகோல். அதை அறிய ஈ.பி. மின்சாரத்தை நிறுத்தி, கிளாம்ப் மீட்டரை மாட்டி, செல் செல்லாக மின்னழுத்தம் குறித்து, குறித்த இறுதி அளவு வரை இறங்க விட வேண்டும். ஆள் வேண்டும், நேரம் வேண்டும், இடையில் சேவை போய்விடுமோ என்ற அச்சம் வேறு. ஏற்புச் சோதனை பல இடங்களில் “ஈ.பி. ஆஃப் பண்ணிட்டேன், அலாரம் வந்துச்சா?” “வந்துச்சு” என்ற உரையாடலோடு முடிந்துவிடுவதன் காரணம் இதுதான். அந்த உரையாடல் தகவல் போய்ச் சேர்வதை மட்டுமே நிரூபிக்கும். பேட்டரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் மாமல்லபுரத்தின் அருகிலேயே கடந்தது. இத்தகைய இரவில் மரம் விழுந்த சாலையில் டீசல் வண்டி போக முடியாது. மீதி நிமிடக் கணக்கு உண்மையாக இருந்தால்தான் முதல் வண்டியை எந்த டவருக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய முடியும்.

எந்தச் சுமையை முதலில் துண்டிப்பது என்பதும் நிறுவும் நாளிலேயே முடிவாகிறது. மின்னழுத்தம் இறங்கும்போது அதிவேக டேட்டா தரும் ரேடியோக்களை முதலில் அணைத்து, குரலைத் தக்கவைத்து, அடுத்த டவர்களின் போக்குவரத்தைச் சுமக்கும் மைக்ரோவேவ், ஒளியிழைக் கருவிகளைக் கடைசிவரை காப்பது நல்ல முறை. ஒரு பக்கம் கடலாக இருக்கும் இந்நிலத்தில் டவர்கள் சாலையை ஒட்டி நீளவாக்கில் நிற்கின்றன. மாற்று வழி குறைவு. இங்கே நடுவிலிருக்கும் ஒரு டவரில் அப்படிப் போக்குவரத்தைச் சுமக்கும் கருவியின் கம்பி தவறுதலாக முதலில் துண்டிக்கும் பிரேக்கரில் மாட்டப்பட்டிருந்தால், பேட்டரி நிறைந்து நிற்கும் அடுத்தடுத்த டவர்களும் பேச வழியில்லாமல் போகும். திரையில் இந்தத் தவறு தெரியாது. பேட்டரியை இறக்கி, எந்த விளக்கு முதலில் அணைகிறது என்று அங்கேயே நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும்.