வாயைச் சுற்றி சிவப்புப் பொரியா? நீங்க போடுற க்ரீமே காரணமா இருக்கலாம்!

சேந்தமங்கலமோ, சென்னையோ... முகத்தில் பொரி வந்தால் பலரும் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். வாங்கிய க்ரீமைத் தடவினால் ரெண்டு நாளில் அடங்குது. நிறுத்தினால் திரும்ப வருதா? அது பருவாக இல்லாமல் 'பெரிஓரல் டெர்மடைட்டிஸ்' ஆக இருக்கலாம்.

எப்படித் தெரியும்?
வாயைச் சுற்றி சின்னச் சின்ன சிவப்புப் பொரிகள், எரிச்சல் இருக்கும். உதட்டை ஒட்டிய மெல்லிய வளையத்தில் மட்டும் பொரி இருக்காது. மூக்கோரம், கண்ணோரமும் வரலாம். மற்றவர்களுக்குத் தொற்றாது.

ஏன் வருது?
ஸ்டீராய்டு க்ரீம்தான் முக்கியக் காரணம். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என இருக்கிறதா பாருங்கள். சிவப்பழகுக்காகத் தடவும் சில க்ரீம்களிலும் இவை உண்டு. 2018-ல் மத்திய அரசு இத்தகைய க்ரீம்களை மருந்துச்சீட்டு கட்டாயமான 'ஷெட்யூல் எச்' பட்டியலில் கொண்டுவந்தது.

என்ன செய்யணும்?
ஸ்டீராய்டை நிறுத்துவதே முதல் சிகிச்சை. நிறுத்தியதும் சில நாள் பொரி அதிகமாகும். பயந்து மறுபடி தடவிடாதீங்க! நீண்ட நாள் போட்டிருந்தால் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். மேக்கப், பிசுபிசுப்பான க்ரீம்களும் வேண்டாம். தேவைப்பட்டால் டாக்டர் மெட்ரோனிடசோல் ஜெல், டாக்ஸிசைக்ளின் மாத்திரை தருவார். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகளுக்கு டாக்ஸிசைக்ளின் கூடாது. முழுசா சரியாகச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகலாம்.

எங்கே போகலாம்?
சேந்தமங்கலம், கொல்லிமலை மக்கள் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். போகும்போது அந்த க்ரீம் டியூபையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.