சதுரகிரி போற வழியில கரடி வந்தா... ஓடணுமா, மரம் ஏறணுமா, செத்த மாதிரி படுக்கணுமா?

"அமாவாசைக்கு சதுரகிரி போலாமா மச்சி?" அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். நாலு பைக், எட்டுப் பேர். விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்பு, அங்கிருந்து தாணிப்பாறை. சதுரகிரி இல்லையென்றால் செண்பகத்தோப்பு, அதுவும் இல்லையென்றால் ராஜபாளையம் அய்யனார் கோயில் அருவி. தண்ணி பாட்டில், பவர் பேங்க், புளியோதரை எல்லாம் பேக்கில் ஏறிவிடும். ஆனால், "கரடி வந்தா என்னடா பண்றது?" என்று யாராவது கேட்டால் மட்டும் குரூப்பில் சிரிப்பு எமோஜிதான் வரும்.

சிரிக்கிற விஷயம் இல்லை. சரியான பதில் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

நம்ம ஊர்ல கரடி ஏது?

சரிதான். கரிசல் காட்டில் கரடி கிடையாது. சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில் மயில், முயல், நரி இருக்கும். மக்காச்சோளத்தை உழப்பிவிட்டுப் போகும் காட்டுப்பன்றி இருக்கும். பாம்பைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி கம்மாய்க்கரையில் போனால் டார்ச் அடிக்கணும், காலைத் தட்டித் தட்டி நடக்கணும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கரடி விஷயத்தில் அப்படி ஒரு பழக்கம் நமக்கு இல்லை. மேற்கே மலையடிவாரத்தில் வாழும் பளியர்களுக்கு அது உண்டு.

அதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, மேகமலையோடு சேர்ந்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமானது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். யானை, சிறுத்தை, புலியோடு கரடியும் அங்கே நிரந்தரக் குடி. சதுரகிரி மலைப்பாதை போவது அந்தக் காட்டுக்குள்தான். சிவபூஜையில் கரடி நுழைந்த கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்துவிட்டோம். இங்கே சிவபூஜைக்காகக் கரடி வீட்டுக்குள் நுழைவது நாம்தான்.

இது எப்படிப்பட்ட கரடி?

இந்தியாவில் நான்கு வகைக் கரடிகள் உண்டு. தமிழ்நாட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தில் 'ஸ்லாத் பேர்' என்பார்கள். கரடுமுரடான கறுப்பு முடி, நெஞ்சில் 'வி' அல்லது 'யு' மாதிரி வெள்ளைக் கோடு, வெளிறிய மூஞ்சி. நன்கு வளர்ந்த ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை இருக்கும்.

பிரதான சாப்பாடு கறையானும் எறும்பும். அதற்காகவே செய்த உடம்பு. புற்றைத் தோண்ட நீளமான வளைந்த நகங்கள். மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். தூசி ஏறாமல் மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளவும் முடியும். அது போக தேன், நாவல், அத்தி, இலந்தை, கொன்றைப் பழம்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மோப்பம் கூர்மை. கண் பார்வை மந்தம். புற்றை உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டர் தாண்டியும் கேட்கும். அப்படிச் சத்தம் போட்டுச் சாப்பிடும்போது, நீங்கள் வரும் சத்தம் அதற்குக் கேட்காது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் உங்கள் வாசனையும் போகாது. நீங்கள் பத்தடி தூரத்துக்கு வந்த பிறகுதான் திடுக்கென்று நிமிரும். அந்த நொடியில் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு, பாய்ந்து தாக்குவதுதான். புலியோடு ஒரே காட்டில் காலங்காலமாக வாழ்ந்ததால் வந்த குணம் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆக, நம்மூர்க் கரடி மனிதனைத் தின்ன வருவதில்லை. பயந்துபோய் அடிக்கிறது. ஆனால் அந்த அடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழும். உயிர் பிழைத்தாலும் கண், மூக்கு, தாடை போனவர்கள் உண்டு.

கடையத்தில் நடந்தது

2022 நவம்பர். தென்காசி மாவட்டம் கடையம் அருகே, காட்டை ஒட்டிய சாலையில் பைக்கில் போன ஒரு வியாபாரியைக் கரடி தாக்கியது. காப்பாற்றப் போன இரண்டு பேரையும் விடவில்லை. மூவருக்கும் பலத்த காயம். வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுக் கரடியைப் பிடித்து, காட்டுப் பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கரடியும் இறந்துபோனது.

மனிதனும் கரடியும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்தான். அதனால் கரடியிடமிருந்து தப்பிக்கிற வேலையில் முக்கால்வாசி, அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

பார்க்காமலே தப்பிக்க...

1. நேரம் முக்கியம்: கரடி அதிகம் நடமாடுவது அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. வனத்துறை அனுமதிக்கும் நாள், நேரத்தில் மட்டும் ஏறுங்கள். 'விடியறதுக்குள்ள ஏறிடலாம்' என்று குறுக்கு வழி தேடாதீர்கள். அனுமதி இல்லாமல் காப்பகத்துக்குள் போவது சட்டப்படி குற்றமும்கூட.

2. சேர்ந்து நடங்கள், பேசிக்கொண்டே நடங்கள்: கம்மாய்க்கரையில் காலைத் தட்டி நடப்போமே, அதே கணக்கு. திருப்பம், புதர், ஓடைச் சத்தம் இருக்கும் இடங்களில் இன்னும் கொஞ்சம் குரல் உயர்த்துங்கள். மனிதக் குரல் போதும். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள்.

3. பட்டாசு வேண்டவே வேண்டாம்: சிவகாசி வழியாகத்தானே போறோம் என்று ஒரு பாக்கெட் வாங்கிச் செருகிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே எரியும். வெடிச்சத்தத்தில் மிரண்ட மிருகம் எந்தப் பக்கம் ஓடும் என்றும் சொல்ல முடியாது.

4. சித்தர் குகை தேடிப் போகாதீர்கள்: பாதையை விட்டு விலகி, பாறை இடுக்கிலும் குகையிலும் செல்ஃபி, ரீல்ஸ் எடுப்பது பலருக்கும் ஆசை. பகலில் கரடி படுத்திருக்கும் இடமே அதுதான். உள்ளே இருப்பது சித்தரா, கரடியா என்று வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது.

5. ஒதுங்கப் போகும்போது: விடியற்காலையில் தனியாகப் புதருக்குள் போய் உட்காருவதுதான் ரொம்ப ஆபத்து. கழிப்பறை இருக்கும் இடத்தைப் பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் துணைக்கு ஒருவர், கையில் டார்ச், போகும் முன் இரண்டு சத்தம்.

6. சாப்பாட்டைச் சிந்தாதீர்கள்: கோத்தகிரி பக்கம் கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடிக்கும் கரடிகள் சிசிடிவியில் சிக்கியிருக்கின்றன. மனிதச் சாப்பாட்டின் ருசி பழகிவிட்டால் கரடி மனிதர்களைத் தேடி வரும். மிச்ச புளியோதரை, பழத்தோல், எண்ணெய்ப் பாக்கெட் எல்லாம் உங்கள் பையிலேயே கீழே இறங்கட்டும்.

7. நாயைக் கூட்டிப்போகாதீர்கள்: நாய் குரைத்துக் கரடியைச் சீண்டும். பிறகு பயந்து உங்கள் காலடிக்கே ஓடிவரும். பின்னாலேயே கரடி வரும்.

மாதக் கணக்கையும் மனதில் வையுங்கள். பொதுவாகக் குளிர்காலத்தில் குட்டி போடும் தாய்க் கரடி, மாசி, பங்குனி வாக்கில் குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு வெளியே வரத் தொடங்கும். மகா சிவராத்திரிக் கூட்டமும் அப்போதுதான். நாவல் பழுத்து உதிரும் நாள்களில் வருவது ஆடி அமாவாசை. பழம் கொட்டிக் கிடக்கும் மரத்தடி, புதிதாகத் தோண்டிய புற்று, மரத்தில் நகக்கீறல்... இவற்றைப் பார்த்தால் அங்கே நிற்காதீர்கள்.

பார்த்துட்டீங்க... இப்ப என்ன?

தூரத்தில், உங்களைப் பார்க்கவில்லை: சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். அது போகும் பாதையை மறிக்காதீர்கள்.

பார்த்துவிட்டது: நில்லுங்கள். ஓடாதீர்கள். எல்லோரும் ஒரே கூட்டமாகச் சேருங்கள், குழந்தைகள் நடுவில். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே மெதுவாகப் பின்வாங்குங்கள். முதுகைக் காட்டித் திரும்ப வேண்டாம். கரடி பின்னங்காலில் நிமிர்ந்து நின்றால் அது சண்டைக்கான போஸ் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் மோப்பம் பிடிக்கத்தான் நிற்கும்.

குட்டி மட்டும் தெரிகிறது: தாய் பக்கத்திலேயே இருக்கும். போனை வெளியே எடுக்காமல் நகருங்கள்.

பாய்ந்து வருகிறது: சில சமயம் மிரட்டுவதற்காக ஓடிவந்து பாதியில் நின்றுவிடும். கூட்டமாக இருந்தால் கலையாமல் நின்று கத்துங்கள். கையில் கம்பு இருந்தால் முன்னால் நீட்டிப் பிடியுங்கள். நீங்களாகப் போய் அடிக்காதீர்கள்.

மேலே விழுந்துவிட்டது: குப்புறப் படுங்கள். விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடுங்கள். முழங்கைகள் முகத்தின் இரண்டு பக்கமும் இருக்கட்டும். முதுகுப் பையைக் கழற்ற வேண்டாம், அதுதான் கவசம். காலை அகட்டி வைத்தால் அது புரட்டுவது கஷ்டம். கரடியின் அடி அநேகமாகச் சில நொடிகளில் முடிந்துவிடும். அது போன பிறகும் கொஞ்ச நேரம் அசையாதீர்கள்.

ஸ்கூல்ல படிச்ச கதை சரியா?

காட்டுக்குள் போன இரண்டு நண்பர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்வான். இன்னொருவன் செத்த மாதிரி படுத்து மூச்சடக்குவான். ஈசாப் கதையான அதை நம்பி மலை ஏறக் கூடாது.

மரம் ஏறுவது உதவாது. தேனுக்காக மரம் ஏறிப் பழகிய மிருகம் இது. 'செத்த உடம்பைக் கரடி தொடாது' என்பதும் உண்மை இல்லை. அழுகிய இறைச்சியைக்கூடச் சில நேரம் தின்னும். படுப்பதற்கான காரணமே வேறு. முகத்தையும் கழுத்தையும் மறைக்க வேண்டும், 'நான் உனக்கு எதிரி இல்லை' என்று அதற்குத் தெரிய வேண்டும். அதனால் கதையில் வருகிற மாதிரி மல்லாக்கப் படுத்தால் ஆபத்து. கதையில் சரியாக இருப்பது நீதி மட்டும்தான்: கூட வந்தவனை விட்டு ஓடாதே!

'இறக்கத்தில் ஓடினால் முடி கண்ணை மறைத்துக் கரடி தடுமாறும்' என்பது இன்னொரு நம்பிக்கை. ஏற்றமோ இறக்கமோ, அதன் வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். கல்லும் முள்ளுமான சரிவில் விழப்போவது நாம்தான்.

யூடியூபில் வரும் அமெரிக்க வீடியோக்களையும் அப்படியே நம்பாதீர்கள். அங்கே உள்ள கருங்கரடி தாக்கினால் திருப்பி அடி என்பார்கள். பழுப்புக் கரடிக்கு அசையாமல் படு என்பார்கள். அவர்கள் இடுப்பில் தொங்கும் கரடி விரட்டும் ஸ்ப்ரே நம்மூர்க் கடையில் சாதாரணமாகக் கிடைக்காது. நிறம் கறுப்பு என்பதற்காக அங்குள்ள கருங்கரடிக்கான பாடத்தை இங்கே செய்து பார்க்காதீர்கள்.

அடிபட்டுவிட்டால்...

சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். முகத்தில் காயம் என்றால் ரத்தம் தொண்டைக்குள் போகாதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். 108-க்குச் சொல்லுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால், ஏறும் முன்பே சோதனைச் சாவடியில் வனத்துறை எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரடி கடித்தாலும் கீறினாலும் டெட்டனஸ் ஊசியோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒரு வார்த்தை கரடிக்காக

உலகத்தில் இந்த வகைக் கரடி 20,000-க்கும் குறைவு என்பது மதிப்பீடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான பாதுகாப்பு இதற்கும் உண்டு. மூக்கில் கயிறு போட்டுத் தெருவில் ஆட்டுவித்த காலம் முடிந்து கொஞ்ச வருடங்கள்தான் ஆகின்றன. 2022 முதல் அக்டோபர் 12-ஐ இந்தக் கரடிக்கான உலக தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அடுத்த அமாவாசைக்குக் குரூப்பில் பிளான் போடும்போது, புளியோதரை யார் கொண்டுவருவது என்று பேசி முடித்த கையோடு இந்த லிங்க்கையும் தட்டிவிடுங்கள்.