கொல்லிமலைக்குக் கிளம்பும் மாடிஃபைடு கார்... மழைக்கும் பனிக்கும் ரெடியா?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை மாடிஃபை பண்ணி வெச்சிருக்கீங்களா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மார்கழியில் பனி. ஏற்காடு சாலையில் 20, கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பட்ஜெட் கம்மின்னா, இந்த வரிசையில் செலவு பண்ணுங்க.

டயர்: பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு வரை தேய்ந்துட்டா, மிச்சம் 1.6 மி.மீ.தான். உடனே மாத்துங்க. அகலமான டயர், தேங்கிய தண்ணியில் சீக்கிரம் மிதக்கும், வேகத்தைக் குறைங்க.

பிரேக் ஆயில்: இது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதிச்சா, பிரேக் பிடிக்காமலே போகலாம். 2 வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க. இறங்கும்போது கியரைக் குறைச்சு இறங்குங்க.

வைப்பர், லைட்: வைப்பர் ரப்பரைப் புதுசாக்குங்க. பனியில் லோ பீம் போதும். ஹை பீம் உங்க கண்ணையே கூசவைக்கும்.

ஸ்பிரிங்: காரைத் தாழ்த்தியிருந்தா, பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டுங்க. தயாரிப்பு நிறுவனத்தின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே 2019-ல் சொல்லியாச்சு.

ஸ்டிக்கரும் சைலன்ஸரும் அப்புறம் பார்த்துக்கலாம் பாஸ்!