வெயில் காய்ச்சிய வெந்நீர்

நண்பகலில் முற்றத்தில் கிடக்கும் இரும்புத் தொட்டியினுள் கை வைத்துப் பார்த்தவர் எவரும் நீர் சுடுவதை அறிவர். அறிந்தும், குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் விறகையும் எரிவாயுவையும் மின்சாரத்தையுமே நாடுகின்றோம். கூரைமேல் வெயிலைப் பிடித்து வீட்டு நீரைச் சூடாக்கும் கருவி அண்மைக்காலப் புதுமை என்பது பலர் எண்ணம். அஃது அவ்வாறன்று. அமெரிக்காவில் அக்கருவி இருமுறை வீடுகளில் வேரூன்றிற்று, இருமுறையும் பிடுங்கப்பட்டது. கதிரவன் குறைந்ததனால் நேர்ந்ததன்று அவ்வீழ்ச்சி. பின் எதனால் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

இதன் வித்து ஜெனிவா நகரில் ஊன்றப்பட்டது. 1767-ஆம் ஆண்டில் ஹொராஸ் டி சொசூர் என்னும் அறிஞர், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயில் எவ்வளவு வெப்பத்தைச் சேர்க்கும் என்று சோதிக்கத் தொடங்கினார். உட்புறம் கறுப்பாக்கி, மேலே கண்ணாடிகளை அடுக்கி, அவர் பின்னர்ச் செய்த பெட்டி ஒன்றில் வெப்பம் 109 பாகையை எட்டிற்று. நீர் கொதிப்பதற்கு 100 பாகை போதுமன்றோ! புகுந்த ஒளி வெப்பமாக மாறுகின்றது; அவ்வெப்பம் கண்ணாடியைக் கடந்து எளிதில் வெளியேற இயலாமல் உள்ளேயே தங்குகின்றது. பின்வந்த கருவிகள் அனைத்திற்கும் அடிப்படை இதுவே.

அமெரிக்க உழவர் சிலர், தொட்டிக்குக் கறுப்பு வண்ணம் பூசி வெயிலில் சாய்த்து வைக்கும் வழக்கமுடையோர். பிற்பகலுக்குள் நீர் சூடேறும். ஞாயிறு மறைந்ததும் ஆறிவிடும். பால்டிமோர் நகர வணிகர் கிளாரன்ஸ் கெம்ப் என்பார் இவ்விரண்டையும் இணைத்தார். உழவரின் கறுப்புத் தொட்டியைச் சொசூரின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தினார். 1891-இல் காப்புரிமை பெற்று, 'கிளைமாக்ஸ்' என்று அதற்குப் பெயரிட்டார். கோடையில் மனைவியர் குளிர்ந்த ஊர்களுக்குப் பணிப்பெண்களுடன் சென்றுவிட, வீட்டில் தனித்திருந்து தாமே நீர் காய்ச்ச வேண்டிய கணவன்மாரை நோக்கியே முதலில் விளம்பரம் செய்தாராம். ஆண்மக்களின் சோம்பலும் அறிவியலுக்கு ஒரு துணை போலும்!

ஆயினும் கருவி செழித்த இடம் கலிபோர்னியா. அங்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை, நிலக்கரியோ தொலைவிலிருந்து வரவேண்டும், விலையும் மிகுதி. சிறிய கருவி ஒன்றின் விலை 25 டாலர். ஆண்டுக்கு ஏறத்தாழ 9 டாலர் நிலக்கரிச் செலவு மிஞ்சியது. மூன்றாண்டுக்குள் போட்ட முதல் திரும்பிவிடும் என்பதை இல்லத்தரசியர் கணக்கிட்டனர். 1897-இல் பாசடேனா நகர வீடுகளில் நூற்றுக்கு 30 வெயில் வெந்நீரைப் பயன்படுத்தின.

இக்கருவிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நீரைக் காய்ச்சும் இடமும் சேமிக்கும் இடமும் ஒன்றேயாதலின், மாலைக் குளியலுக்கு உதவிய நீர் விடியலில் குளிர்ந்து கிடந்தது. அதனைத் தீர்த்தவர் வில்லியம் பெய்லி. 1909-இல் அவர் இவ்விரண்டையும் பிரித்தார். கூரையில் கண்ணாடி மூடிய ஆழமற்ற பெட்டி. அதனுள் செப்புக் குழாய். அதற்கு மேலான உயரத்தில், வீட்டினுள், வெப்பம் வெளியேறாதபடி போர்த்த தொட்டி. சூடான நீர் இலேசாகித் தானே மேலேறித் தொட்டியை அடையும். தொட்டியடியிலுள்ள குளிர்நீர் கனத்தால் கீழிறங்கிக் குழாயினுள் புகும். நீரிறைக்கும் பொறி வேண்டுவதில்லை; அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. வெயில் உள்ளவரை நீர் தானே சுற்றிக்கொண்டிருக்கும். இரவிலும் வெந்நீர் கிடைத்ததால் 'பகலும் இரவும்' என்று பொருள்படும் பெயரையே தம் நிறுவனத்திற்குச் சூட்டினார் பெய்லி. கெம்பின் கருவி சந்தையிலிருந்து மறைந்தது. 1913 சனவரியில் கலிபோர்னியாவைத் தாக்கிய கடுங்குளிரில் நீர் உறைந்து குழாய்கள் வெடித்தன. பெய்லி தளர்ந்தாரல்லர். உறையாத சாராயக் கலவையைக் குழாயில் ஓடவிட்டு, அதன் வெப்பத்தைத் தொட்டி நீருக்குச் சுருள்குழாய் வழியே ஊட்டினார். 1918-க்குள் 4000-க்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின.

கடுங்குளிர் வீழ்த்தாததை மலிவு வீழ்த்தியது. 1920-க்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இயற்கை எரிவாயு பெருமளவில் கண்டெடுக்கப்பட்டது, விலை சரிந்தது. வாயு நிறுவனங்கள் தத்தம் அடுப்புகளை எளிய தவணையில் தந்தன. வெயில் கருவிக்கோ முழுப்பணமும் முன்னதாகவே வேண்டும். பெய்லியின் நிறுவனமே வாயுக் கொதிகலன் செய்யும் தொழிலுக்குத் திரும்பிற்று.

இரண்டாம் களம் புளோரிடா. பெய்லியின் கருவி 1923-இல் அங்குச் சென்றது. 1926-இன் பெரும்புயலும் அதை ஒட்டிய வீடுகட்டும் தொழிலின் வீழ்ச்சியும் அதனை முடக்கின. 1930-களின் நடுப்பகுதியில் அரசு வீட்டுக்கடன் வசதி செய்தபின் அது மீண்டெழுந்தது. 1941-இல் மயாமி நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் வெயில் வெந்நீரில் குளித்தனர். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா போரில் இறங்கிற்று. செம்பு முழுவதும் படைக்கலத் தொழிலுக்கு ஒதுக்கப்படவே, கருவி செய்வோர் கையைக் கட்டிக்கொண்டிருக்க நேர்ந்தது. போர் முடிந்தபின் மின்சாரம் மலிந்தது. போதாததற்கு, செப்புக் குழாயோடு இணைத்த இரும்புத் தொட்டிகள் அரித்து ஒழுகின. பழுது பார்ப்பதைவிட மின்கருவி வாங்குவதே மேல் என்று பலர் கருதினர்.

மலிந்த எரிபொருள் இல்லாத நாட்டில் கதை வேறாயிற்று. புதிதாகப் பிறந்த இஸ்ரேல் 1950-களின் தொடக்கத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டினால், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை நீர் காய்ச்சுவதைத் தடைசெய்தது. லேவி இஸ்ஸார் என்னும் பொறியாளர் வெயில் கருவி செய்து 1953-இல் தொழில் தொடங்கினார். 1955-இல் ஹாரி டேபர் என்னும் அறிஞர், வெயிலை மிகுதியாக உறிஞ்சிக் குறைவாகவே வெப்பத்தை வெளிவிடும் கறுப்புப் பூச்சு ஒன்றை ஆக்கினார். ஆனால் அங்கும் எண்ணெய் மலிந்தபொழுது விற்பனை தேங்கிற்று என்பதை மறத்தலாகாது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியே மக்களை உலுக்கிற்று. 1980-இல் இயற்றிய சட்டம், மிக உயர்ந்த மாடிகள் நீங்கலாகப் புதுக் குடியிருப்புகள் அனைத்திலும் இக்கருவி வைத்தாக வேண்டும் என்றது. விலை ஏறினும் இறங்கினும் அக்கடமை மாறவில்லை. இன்று அந்நாட்டு வீடுகளில் பெரும்பாலானவை வெயில் வெந்நீரையே கொள்கின்றன.

அதே நெருக்கடி அமெரிக்காவையும் அசைத்தது. 1979-இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், வெள்ளை மாளிகையின் கூரையில் நீர் காய்ச்சும் 32 பலகைகளை அமைத்தார். வெயில் கருவி வாங்குவோர்க்கு வரிச்சலுகையும் இருந்தது. எண்ணெய் விலை மீண்டும் தணிந்தது. சலுகை 1985 இறுதியோடு நின்றது. 1986-இல் கூரை பழுதுபார்க்க இறக்கப்பட்ட பலகைகள் திரும்ப ஏற்றப்படவில்லை. கிடங்கில் கிடந்த அவற்றை 1991-இல் மேய்ன் மாநிலத்து யூனிட்டிக் கல்லூரி பெற்றுச் சென்று, தன் உணவுக்கூடத்தின் கூரைமேல் ஏற்றி வெந்நீர் காய்ச்சிற்று.