நிறுத்தப்பட்ட மாத்திரைகளின் வரலாறு

கொலஸ்டிராலைக் குறைக்கும் மாத்திரையை உட்கொள்ளத் தொடங்கிச் சில மாதங்களிலேயே, மருத்துவரிடம் சொல்லாமல் தாமாக நிறுத்திவிடுவோர் எல்லா நாடுகளிலும் உண்டு. காரணம் வினவினால் பெரும்பாலும் ஒரே விடைதான்: தொடையில் வலி, கைகால் உளைச்சல், படியேறினால் சோர்வு. மருத்துவர்களில் ஒரு சாரார் இதனை மனமயக்கம் என்று ஒதுக்குகின்றனர். எதிர்ச் சாராரோ மாத்திரையே நஞ்சு என்று நூலெழுதி விற்கின்றனர். வழக்கின் பழைய ஏடுகளைப் புரட்டினால் இருவரும் சொல்லாமல் விடுகிற செய்திகள் சில கிடைக்கின்றன.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வகை மருந்துகளின்மீது மக்களுக்கு எழும் ஐயம் காரணமற்றதன்று. ஸ்டாட்டின்கள் தோன்றுவதற்கு முன்பே, 1960இல், டிரைபரனால் என்னும் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் உடல் கொலஸ்டிராலைச் சமைப்பது இருபதுக்கும் மேற்பட்ட படிகளைக் கொண்ட நீண்ட வேலை. டிரைபரனால் அதன் கடைசிப் படியில் கதவை அடைத்தது. விளைவாக, முற்றுப்பெறாத சரக்கு உடலுக்குள் தேங்கிற்று. முடி கொட்டியது, தோல் வறண்டு செதிலெடுத்தது, கண்ணில் புரை விழுந்தது. விலங்குச் சோதனைகளில் தெரிந்த கேடுகளை அந்நிறுவனம் மறைத்திருந்தது. குரங்குகளின் எடைக் கணக்கைத் திருத்தி எழுதுமாறு பணிக்கப்பட்ட ஆய்வகப் பெண் ஒருவர் வேலையை விட்டார். அவர் கணவர் தம்மோடு ஒரே காரில் பணிக்குச் செல்பவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்ல, கேட்டவர் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பணியாற்றுபவராக இருந்தார். உண்மை வெளிவந்தது இப்படித்தான். 1962 ஏப்ரலில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. 1964இல் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட தண்டம் 80,000 டாலர். புரை விழுந்த கண்களுக்கு இது என்ன கணக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி ஜப்பானுக்கு வருவோம். சாங்கியோ நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, 1971இல் பூஞ்சைகளை ஆராயத் தொடங்கினார். தம்மைத் தாக்கும் நுண்ணுயிர்களை ஒடுக்க, அவற்றின் கொழுப்பாக்கத்தைத் தடுக்கும் பொருள் எதையேனும் பூஞ்சைகள் சுரக்கக்கூடும் என்பது அவர் ஊகம். ஈராண்டுகளில் ஆறாயிரம் வகைகளுக்கு மேல் சோதித்தார். ஒரு பச்சைப்பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் என்னும் பொருள் கிடைத்தது. இது கடைசிப் படியை அல்லாமல் தொடக்கப் படிகளுள் ஒன்றையே அடைத்தது. ஆகவே டிரைபரனாலைப் போல் அரைகுறைச் சரக்குத் தேங்க வழியில்லை. எலிகளிடம் அது பலிக்கவில்லை. முட்டையிடும் கோழிகளிடம் பலித்தது. கோழிகள் இல்லாவிடில் இக்கட்டுரைக்கே இடமிராது.

1978 பிப்ரவரியில், ஒசாகாவில் அகிரா யமமோட்டோ என்னும் மருத்துவர் இதனை முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். பதினெட்டு வயதுப் பெண். தாய் தந்தை இருவர் வழியாகவும் குறையுள்ள மரபணுவைப் பெற்றவர். அத்தகையோர்க்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வருவது வழக்கம். நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. இரண்டு வாரங்களில் கொலஸ்டிரால் இறங்கத் தொடங்கியது. அதே வேளையில் கைகால்களின் தசைகள் தளர்ந்தன. தசை சிதையும்போது கசியும் நொதி இரத்தத்தில் உயர்ந்தது. மருந்தை நிறுத்தினர். தசைகள் தேறின. கதை அங்கே முடிந்திருக்கலாம். பலருக்கு இன்றும் அங்கேதான் முடிகிறது. யமமோட்டோ முடிக்கவில்லை. அளவைக் குறைத்து மீண்டும் தொடங்கினார். பிற நோயாளிகளுக்கும் கொடுத்தார். அவர்களிடம் கொலஸ்டிரால் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

உலகில் முதன்முதலாக ஸ்டாட்டின் உட்கொண்ட நோயாளியே தசைத் தளர்ச்சியால் அதை நிறுத்தியவர் என்பதைப் பலரும் அறிவதில்லை. ஆகவே அந்த வலி எவருடைய கற்பனையிலும் பிறந்ததன்று.

1980இல் மிகு அளவு கொடுக்கப்பட்ட நாய்களிடம் புற்றுநோய் தோன்றியதோ என்ற ஐயத்தால் சாங்கியோ காம்பாக்டினைக் கைவிட்டது. அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் சற்றுத் தயங்கிப் பின் துணிந்தது. லோவாஸ்டாட்டின் 1987இல் இசைவு பெற்றது. இம்மருந்துகள் உயிரைக் காக்கின்றனவா என்ற வினாவுக்கு 1994இல் ஸ்காண்டிநேவிய ஆய்வு விடையளித்தது. இதயநோய் உள்ள 4,444 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்ததில், வெற்று மாத்திரை உண்டவர்களில் 256 பேரும் சிம்வாஸ்டாட்டின் உண்டவர்களில் 182 பேரும் இறந்திருந்தனர்.

நம்பிக்கை உச்சத்தில் இருந்தபோது மற்றொரு அடி விழுந்தது. பேயர் நிறுவனத்தின் செரிவாஸ்டாட்டின் 2001 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. தசைகள் சிதைந்து, சிதைவுகள் சிறுநீரகத்தை அடைத்துப் பலர் இறந்திருந்தனர். ஜெம்ஃபைப்ரோசில் என்னும் மற்றொரு கொழுப்பு மருந்தைச் சேர்த்து உண்டவர்களுக்கு ஆபத்து மிகுதியாக இருந்தது. கடுமையான தசைவலியோடு சிறுநீர் கருத்துப் போனால் மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்ற எச்சரிக்கை அன்று ஊன்றிப் பதிந்தது. அது மிக அரிது, ஆனால் உண்மை.

அரிதல்லாத மற்ற வலிகள் எவ்வாறு வந்தன? இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வருகிறது. என் மதிப்பில் மருத்துவ வரலாற்றின் நேர்த்தியான ஆய்வுகளுள் ஒன்று. பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரை அழைத்துப் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தனர். நான்கில் அடார்வாஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு புட்டி. நாள்தோறும் தம் தொல்லைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. மருந்து மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4!

வலி பொய்யன்று என்பதைக் கவனிக்க வேண்டும். மாத்திரை உண்ட மாதங்களில் அவர்களுக்கு மெய்யாகவே இருமடங்கு வலித்தது. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு, வலிக்கும் என்று எதிர்பார்த்து மாத்திரையை விழுங்கியதன் விளைவு. ‘நிறுத்தினேன், வலி போயிற்று, வேறென்ன சான்று வேண்டும்?’ என்பது நாம் எல்லோரும் முன்வைக்கும் வாதம். வெற்று மாத்திரையை நிறுத்தியபோதும் வலி அப்படியே போயிற்று. தத்தம் கணக்கை அவர்களிடமே காட்டினர். ஆறு மாதங்களுக்குப் பின் பாதிப் பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கியிருந்தனர். மனமயக்கம் என்று அதட்டியிருந்தால் ஒருவரேனும் தொடங்கியிருப்பாரா என்பது ஐயமே.

நிறுத்துவதன் விலையையும் சொல்லியாக வேண்டும. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான கட்டுரை, ஸ்டாட்டின்களைப் பழித்துச் செய்திகள் வந்த காலங்களில் நிறுத்துவோர் கூடினர் என்றும், தொடக்கத்திலேயே நிறுத்தியவர்களிடம் மாரடைப்பு மிகுந்திருந்தது என்றும் காட்டியது.

இன்று வலிக்கிறது என்று வருபவரிடம் நல்ல மருத்துவர் செய்வது, அடிப்படையில் ஒசாகாவில் செய்யப்பட்டதே. இரத்தத்தில் அந்த நொதியை அளக்கிறார், மருந்தைச் சில வாரம் நிறுத்துகிறார், தைராய்டு குறைபாடு போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்கிறார், பின்பு குறைந்த அளவில் அல்லது வேறொரு ஸ்டாட்டினில் மீண்டும் தொடங்குகிறார். எதுவும் ஒத்துவராத சிலர் உண்டு. அவர்களுக்கு எஸெட்டிமைப், பெம்பிடோயிக் அமிலம் முதலிய பிற வழிகள் இருக்கின்றன.

எண்டோ 2024 ஜூனில் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். காம்பாக்டின் ஒருபோதும் கடைக்கு வரவில்லை. ஆனால் அதை உட்கொண்ட நாய்களின் சிறுநீரில் அதன் மாறிய வடிவம் ஒன்று கிடைத்தது. அதுவே பிரவாஸ்டாட்டின் என்னும் பெயரில் 1989இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வேறு ஸ்டாட்டினால் தசை வலிக்கிறது என்பவர்களுக்கு மாற்றாக எழுதித் தரப்படும் மருந்துகளுள் அதுவும் ஒன்று.