இரண்டு ஆட்டங்களால் மூடிய வாசல்

எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பார்க்க, பெரியவர்கள் பக்கத்தில் இருந்து நித்திரை தூங்கும் ஒரு விளையாட்டைப் பற்றி இம்மாதம் பேசப்போகிறேன். அது ஐஸ் ஹொக்கி. அதிலும், எல்லைக்கு அப்பால் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஆடும் ஒரு சுற்றுப்போட்டி.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது 1991இல். முதல் குளிர்காலத்தில் கிடைத்த வேலை ஸ்காபுறோவில் ஓர் ஐஸ் அரங்கில் இரவுத் துப்புரவு. கதிரைகளுக்கு அடியில் கிடக்கும் கோப்பிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டே ஆட்டத்தைப் பழகினேன். ஐஸை மட்டப்படுத்தும் வண்டியை ஓட்டிய வயோதிபர் ஒருவர்தான் எனக்கு ஆசான். கென் ட்றைடன் என்ற பெயரை அவர் ஒரு கோயில் மூர்த்தியின் பெயர்போலச் சொல்வார்.

ட்றைடன் எங்கள் ஊர்ப் பக்கத்தவர்தான். ஹமில்ரனில் பிறந்து ரொறன்ரோவின் மேற்குப் புறத்தில் வளர்ந்த கோல் காப்பாளர். 1964இலேயே தொழில்முறை அணிகளின் கண் அவர்மேல் விழுந்து, அவரை ஆடவைக்கும் உரிமை மொன்றியல் அணியிடம் போய்விட்டது. அவரோ, படிக்கவேண்டும் என்று நியூ யோர்க் மாநிலத்துக் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பாடம் வரலாறு.

கோர்னெல் ஆடுவது ஈ.சி.ஏ.சி. என்ற கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பில். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்ரன் போன்ற பெரிய பெயர்களும், கனடிய எல்லையோரத்துச் சிறு கல்லூரிகளான கிளாக்சன், சென்ற் லோரன்ஸ் போன்றவையும் அதில் உண்டு. இன்று 12 அணிகள். (ஹார்வர்ட் அணி கோர்னெலுக்கு ஆட வந்தால் மாணவர்கள் ஐஸில் மீனை எறிவார்கள். நல்ல மீன் வீணாகிறதே என்று எனக்கு மனம் பதைக்கும்.)

1962இல் தொடங்கிய இந்தக் கூட்டமைப்பின் சுற்றுப்போட்டி, 1967 முதல் 1992 வரை பொஸ்ரன் கார்டன் அரங்கில் முடிவுக்கு வந்தது. முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆட முடியாத காலம் அது. ஆகவே ட்றைடனுக்குக் கிடைத்தவை மூன்று பருவங்கள். 1967, 1968, 1969 மூன்றிலும் கிண்ணம் கோர்னெலுக்கே. அவர் காப்பாற்றிய ஆட்டங்களில் 76 வெற்றி, 4 தோல்வி, 1 சமநிலை. அக்காலத்தில் தேசியப் போட்டிக்குப் போனவை மொத்தம் 4 அணிகள். 1967இல் கோர்னெல் அதையும் வென்றது.

அதன் பிறகுதான் அவர் மொன்றியலுக்குப் போய் ஆறு தடவை ஸ்ரான்லி கிண்ணம் வென்றார். இடையில் மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டமும் படித்து முடித்தார். பிற்காலத்தில் ரொறன்ரோவின் நாடாளுமன்ற உறுப்பினராகி, 2004 முதல் 2006 வரை அமைச்சராகவும் இருந்தார். 2025 செப்ரெம்பரில் காலமானார். விளையாட்டா படிப்பா என்று எங்கள் வீடுகளில் சண்டை வரும்போதெல்லாம் இவருடைய கதையைத்தான் இழுத்துவைப்பேன்.

இந்தச் சுற்றுப்போட்டியின் பெறுமதி அது திறக்கும் வாசலில் இருக்கிறது. இன்று தேசியப் போட்டிக்கு 16 அணிகள் போகின்றன. அவற்றில் 6 இடங்கள் ஆறு கூட்டமைப்புகளின் சுற்றுப்போட்டிகளை வென்றவர்களுக்கு. பருவம் முழுக்க தட்டுத்தடுமாறிய அணியும் மார்ச்சில் வென்றால் உள்ளே போகலாம். 2021இல் சென்ற் லோரன்ஸ் அப்படித்தான் மேலதிக நேரத்தில் குவினிப்பியாக் அணியை 3-2 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது. உடனேயே பயிற்றுநருக்குக் கொரோனாத் தொற்று என்று தெரியவந்தது. அணி விலகியது. தோற்ற குவினிப்பியாக் அந்த இடத்தில் போனது. 2020இலோ, நாட்டிலேயே முதலாம் இடத்தில் இருந்த கோர்னெலுக்குப் போட்டியே நடக்கவில்லை.

நோய்க்கு நாங்கள் என்ன செய்யலாம்? விதிகளால் மூடப்பட்ட வாசல்தான் எனக்குப் பெரிய கதை.

கனடாவில் பாடசாலை அணி பெரிதல்ல. கெட்டிக்காரப் பெடியன் 16 வயதில் ஜூனியர் கழகத்தில் சேர்கிறான். சாப்பாடு, தங்குமிடம் கழகம் கொடுக்கும். அமெரிக்கப் பெடியனுக்கு அதே சாப்பாட்டையும் படுக்கையையும் தனியார் பாடசாலை உதவிப்பணமாகக் கொடுக்கும். கல்லூரி விளையாட்டு அதிகாரிகள் முன்னவனைக் காசுக்கு ஆடியவன் என்று தள்ளினார்கள், பின்னவனைச் சேர்த்துக்கொண்டார்கள். 1973இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தின் இரண்டு கனடிய மாணவர்கள் இதை எதிர்த்து மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். எதிர்த்தரப்பில் ஈ.சி.ஏ.சி.யும் இருந்தது. வெளிநாட்டவரை வேறாக நடத்தும் விதி சமத்துவத்துக்கு முரணாகத் தெரிகிறது என்று நீதிபதி அவர்கள்மேல் வந்த தடையை நிறுத்திவைத்தார். அகதி வழக்கு ஆடிய எவருக்கும் அந்த வாதம் விளங்கும்.

ஆனாலும் கனடிய மேல்தர ஜூனியர் லீக்குகளில் ஆடினால் கல்லூரி இல்லை என்ற தடை பிறகும் நீடித்தது. அங்கேதான் என் கதை வருகிறது.

என் தங்கச்சியின் மகன் கோல் காப்பாளன். 2008இல் அவனுக்கு 16 வயது. ஒரு பெரிய ஜூனியர் அணி பருவம் தொடங்கமுன் ஆடும் பயிற்சி ஆட்டங்களுக்குக் கூப்பிட்டது. தங்கச்சி கடிதத்தைக் கொண்டுவந்து, "அண்ணா, நீங்கள் ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கோ" என்றாள். இமிகிரேஷன் கடிதம் என்றால் மூன்று தரம் வாசித்து வழக்கறிஞரிடமும் காட்டுபவன் நான். இதை ஒரு தரம் வாசித்து, "போகட்டும், நல்ல சந்தர்ப்பம்" என்றேன். இரண்டு ஆட்டம் ஆடினான். அணியில் எடுக்கவில்லை, திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பயிற்றுநர் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசினார். அந்த இரண்டு ஆட்டங்களைப் பற்றிச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு விடைபெற்றார். மருமகன் என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

2024 ஓகஸ்ரில் ஒன்ராறியோப் பெடியன் ஒருவர் பஃபலோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவரும் 16 வயதில் இரண்டு பயிற்சி ஆட்டம் ஆடியதால் கல்லூரி ஆட்டத்தை இழந்தவர். செய்தியில் "இரண்டு" என்று கண்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அந்த நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சபை தடையை நீக்க வாக்களித்தது. 2025 ஓகஸ்ற் 1 முதல் கனடிய ஜூனியர் ஆட்டக்காரருக்கும் கல்லூரிகள் திறந்தன.

மருமகனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. வீடுகளுக்குச் சூடாக்கி பூட்டும் தொழில். சனிக்கிழமை காலைகளில் சின்னப் பெடியளுக்குக் கோல் காக்கப் பழக்குகிறான். தடை நீங்கிய செய்தியை அவனுக்குச் சொல்லுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவனே தொலைபேசி எடுத்தான்.

"மாமா, என்னட்ட பழகுற ஒரு பெடியன்ர தகப்பனுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன். ரெண்டு பேருமாய் இருந்து வாசிப்பம்."

கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்தேன்.