கிரிவலப் பாதையில் அன்னதானத் தட்டு

ஒருமுறை உண்டபின் கழித்துவிடும் இலை, தொன்னை, தட்டு, குவளை ஆகியவை திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், குறிப்பாக அடி அண்ணாமலைப் பகுதியில், காலந்தோறும் மாறிவந்த வரலாறு இது. தைத்த இலையில் தொடங்கி மெழுகுத்தாள், தெர்மோகோல், பிளாஸ்டிக் பூசிய தாள், பாக்குமட்டை, கரும்புச் சக்கை என்று பொருள்கள் மாறின. எந்தப் பொருள் நிலைக்கும் என்பதைத் தீர்மானித்தவை இரண்டு: உண்பவர் உட்கார்ந்து உண்கிறாரா, நின்று உண்கிறாரா என்பது ஒன்று; உண்டு முடித்ததும் எச்சில் கலம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது மற்றொன்று.

இடம்

அண்ணாமலையைச் சுற்றிய கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளமுள்ளது. நகரிலுள்ள அருணாசலேசுவரர் கோயில் மலையின் கிழக்கடியில் இருக்கிறது. அதற்கு மறுபுறம், மேற்கே, அடி அண்ணாமலை ஊரும் அங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் உள்ளன. இக்கோயில் பிரம்மனால் நிறுவப்பட்டது என்பது தல மரபு. நகரிலிருந்து நடக்கத் தொடங்கியவர்கள் பாதி வழிக்கு மேல் கடந்து, கால் ஓய்ந்து, பசித்து வந்து சேரும் இடம் இது. பௌர்ணமி இரவுகளில் பாதையோரம் அன்னதானம் நடப்பதற்கு இந்தப் பசியைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்தின்போது கூட்டம் லட்சக்கணக்கில் பெருகும்.

மலையை ஒட்டிக் காப்புக்காடு இருக்கிறது. அதில் புள்ளிமான்கள் திரிகின்றன. ஊருக்குள் மாடும் ஆடும் உண்டு. பாதையில் வீசப்படும் ஒவ்வொரு தட்டும் மனிதர் வாயிலிருந்து இவற்றின் வாய்க்குப் போகக்கூடியது. இதை மறந்துவிட்டு இங்கே எந்தப் பொருளையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

இலைக் காலம்

தமிழர் இலையில் உண்டதற்குச் சான்று பழையது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கண்ணகி கோவலனுக்கு வாழைக் குருத்தை விரித்துச் சோறிடுகிறாள். வாழை வளராத மேட்டுநிலத்திலும் மலையடியிலும் தையல் இலை அந்த இடத்தை நிரப்பியது. மந்தாரை, புரசு, ஆல் முதலிய இலைகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறும்படி வட்டமாக அடுக்கி, தென்னை ஈர்க்கை நறுக்கிய துணுக்குகளால் குத்தி இணைப்பார்கள். ஈர்க்கு இலையின் மேலே நுழைந்து அடியில் சென்று மறுபடி மேலே தலைகாட்டும். நுனியை ஒடித்துவிட்டால் தையல் நிற்கும். பசையில்லை, நூலில்லை. காய்ந்த தையல் இலையைக் கட்டுக்கட்டாக மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். பரிமாறும் முன் தண்ணீர் தெளித்தால் முறுமுறுப்பு நீங்கிப் படியும். அதே இலையை மடித்து ஈர்க்குக் குத்தினால் தொன்னை. பிரசாதச் சுண்டலும் பொங்கலும் தொன்னையில்தான் வந்தன.

திருவண்ணாமலையில் இந்தக் கைத்தொழிலை மதிப்புடன் செய்தவர்களில் ரமண மகரிஷி ஒருவர். 1896இல் இவ்வூர் வந்த அவர் விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்து, 1922 முதல் மலையடிவாரத்தில் தங்கினார். காய் நறுக்குவது, சமையலில் கைகொடுப்பது, அடியார்களுடன் அமர்ந்து இலை தைப்பது என்று அவர் வேலை செய்ததை உடன் வாழ்ந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆசிரம உணவுக்கூடத்தில் தரையில் இலையிட்டுப் பரிமாறும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

வாழை இலையின் மேற்பரப்பில் இயற்கையான மெழுகுப் படலம் உள்ளது. குழம்பு ஊறாமலும் எண்ணெய் ஒட்டாமலும் நிற்பது அதனால்தான். ஆனால் நரம்பு வாக்கில் சட்டென்று கிழியும். தட்டையான தரையோ மேசையோ அதற்கு வேண்டும். அதாவது வாழை இலைக்குப் பந்தி வேண்டும். பந்திக்கு இடம், பரிமாறும் ஆள், இலை எடுக்கும் ஆள் எல்லாம் வேண்டும். எடுத்த இலை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போனது. மிச்சம் எருக்குழிக்குப் போனது. குப்பை என்று தனியாக ஒன்று சேரவில்லை.

நின்றுண்ணும் காலம்

1990களுக்குப் பிறகு பௌர்ணமிக் கிரிவலம் பெருங்கூட்ட நிகழ்வாயிற்று. நடந்துகொண்டிருக்கும் கூட்டத்தைப் பந்தியில் உட்கார வைக்க முடியாது. பெரிய அண்டாவிலிருந்து சாம்பார் சாதமோ புளியோதரையோ ஒரு கரண்டி எடுத்து நீட்டிய கையில் வைத்தாக வேண்டும்; வாங்கியவர் நான்கு அடி நகர்ந்து நின்றபடி உண்டு நடையைத் தொடர்வார். ஒரு கையில் ஏந்தினால் வளையாத, சூடு சுடாத, ஒழுகாத கலம் தேவைப்பட்டது. தொன்னை இதற்குப் பொருத்தமானதுதான். ஆனால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் தைத்துத் தர ஆள் இல்லை. ஆலைத்தட்டு வந்து நின்றது இந்த இடைவெளியில்தான்.

ஆலைத்தட்டின் வரலாறு வெளிநாட்டில் தொடங்குகிறது. கூழை அச்சில் வார்த்துத் தட்டு செய்யும் முறைக்கு அமெரிக்காவில் மார்ட்டின் கீஸ் 1904இல் காப்புரிமை பெற்றார். 1907இல் பாஸ்டன் நகர வழக்கறிஞர் லாரன்ஸ் லூலன் தாள் குவளையை உருவாக்கினார். ரயிலிலும் பள்ளியிலும் எல்லோரும் ஒரே குவளையில் தண்ணீர் குடித்து நோய் பரவியதைத் தடுப்பது அவர் நோக்கம். 1909இல் கன்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடைசெய்ததும் தாள் குவளைக்குச் சந்தை பிறந்தது. 1933இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் பாலித்தீன் கிடைத்தது. 1940களின் இறுதியில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி விரிவடையும் பாலிஸ்டைரின் நுரையை உருவாக்கினார். நாம் தெர்மோகோல் என்பது இதைத்தான். அதன் பருமனில் பெரும்பகுதி காற்று. சூட்டைக் கைக்கு விடாது, எடை இல்லை, விலை மலிவு. ஏந்தி உண்பவருக்கு இதைவிட வசதியான தட்டு அதுவரை வந்ததில்லை. காற்றில் பறந்து காட்டுக்குள் போவதற்கும் இதைவிட வசதியானது இல்லை.

இவற்றோடு வந்த இன்னொன்று, இந்த வரலாற்றில் மிக மோசமானது என்று சொல்லத்தக்கது: வாழை இலையைப் போலப் பச்சை வண்ணம் தீட்டி, நரம்பும் அச்சிட்டு, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாள் இலை. பார்க்க இலை, தொட்டால் வழவழப்பு. வாழை இலையில் உண்டதாக மனிதர் மனநிறைவு கொள்ளலாம். சோறும் குழம்பும் ஒட்டிய எச்சில் தாளை மாடு அப்படியே மென்று விழுங்குகிறது. தாள் கரைந்தாலும் படலம் இரைப்பையில் தங்கிவிடும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் இரைப்பையிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையால் அகற்றப்பட்டது. கிரிவலப் பாதைக் காட்டில் பிளாஸ்டிக் தின்று மான்கள் இறந்த செய்திகளும் வந்ததுண்டு.

தாள் குவளையின் உட்புறமும் இப்படித்தான். தாள் தானாகத் தண்ணீர் தாங்காது. மெல்லிய பாலித்தீன் பூச்சே தாங்குகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் 100 மி.லி. நீரை இத்தகைய குவளையில் 15 நிமிடம் வைத்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலக்கின்றன. நள்ளிரவில் பாதையோரக் கடையில் சூடாக வாங்கிக் குடிக்கும் தேநீர் அந்தச் சூட்டை ஒட்டியதுதான்.

தடை

2018 ஜூன் 5 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டப்பேரவையில் அறிவித்தபடி, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. தெர்மோகோல் தட்டு, தெர்மோகோல் குவளை, பிளாஸ்டிக் பூசிய தாள் தட்டு, பிளாஸ்டிக் பூசிய தாள் குவளை, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், தண்ணீர்ப் பாக்கெட் ஆகியவை பட்டியலில் இருந்தன. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் தடையில் பூசிய தாள் குவளை இல்லை. அவ்வகையில் தமிழ்நாட்டின் பட்டியலே கடுமையானது, சரியானதும்கூட. குவளை உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பூசிய குவளை மீதான தடை செல்லும் என்றது.

திருவண்ணாமலையில் தீப நாள்களில் அன்னதானம் இடுவோர் முன் அனுமதி பெற வேண்டும், குறித்த இடங்களில் மட்டும் பரிமாற வேண்டும், தடைப்பட்ட கலங்களைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதிகள் உள்ளன. துணிப்பை, சணல்பை கொண்டுவரும் பக்தர்களுக்குத் தங்க, வெள்ளிக் காசுகள் பரிசளிக்கும் ஏற்பாட்டையும் மாவட்ட நிர்வாகம் செய்தது. தடை நல்லது. ஆனால் தெர்மோகோலை எடுத்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்குத் தடை விடை சொல்வதில்லை. அதைச் சொல்ல வந்தவை பாக்குமட்டையும் கரும்புச் சக்கையும்.

பாக்குமட்டை

பாக்குமரத்தில் ஓலை பழுத்து விழும்போது அதன் அடிமட்டை அகன்ற தோல்போல உடன் விழும். தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் வட்டாரமும், கர்நாடகத்தில் தென்கன்னடம், சிவமொக்கா பகுதிகளும் இதற்குப் பேர்போனவை. விழுந்த மட்டையைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, தேய்த்துக் கழுவி, ஊறவைத்து, சூடேற்றிய இரும்பு அச்சுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறார்கள். ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் ஈரம் ஆவியாகப் புகைந்து போகும். மட்டை அச்சின் குழிவை எடுத்துக்கொண்டு விறைத்துவிடும். ஓரத்தைச் சீவினால் தட்டு தயார். பசையோ பூச்சோ கிடையாது. ஒவ்வொரு தட்டிலும் மட்டையின் ரேகை வேறாக ஓடும். தெர்மோகோலைப் போலவே ஒரு கையில் ஏந்தலாம்; குழம்பு கொஞ்ச நேரம் நின்றாலும் ஊறாது. மண்ணில் புதைத்தால் சில மாதங்களில் மக்கும். தையல் இலைக்குப் பிறகு கிரிவலப் பாதைக்கு வந்த உருப்படியான முதல் கண்டுபிடிப்பு இது என்பதில் ஐயமில்லை.

வேளாண் துணைப்பொருள்களால் ஆன உண்கலங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் ஐ.எஸ். 18267 என்ற தரத்தை வெளியிட்டது. இலை, மட்டை ஆகியவற்றைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் வடிவமைப்பதை அது ஏற்கிறது. வேதிப்பொருள், பிசின், ஒட்டுப்பசை சேர்ப்பதை ஏற்பதில்லை.

கரும்புச் சக்கை

கரும்புச் சக்கையைத் தமிழ்நாடு நன்கறியும். 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் சக்கையிலிருந்து தாள் செய்யவே அமைந்தது. சக்கைத் தட்டும் கூழ்வழிதான்: கூழை வலைபோட்ட அச்சில் உறிஞ்சி நீரை இழுத்து, சூடான அச்சில் அழுத்தி உலர்த்துவார்கள். வெண்மையும் வழவழப்பும் கிடைக்கும். கிண்ணமும் மூடியும் வார்க்கலாம்.

இதன் சிக்கல் எண்ணெயில் இருக்கிறது. கூழ் எண்ணெயை உறிஞ்சும். அதைத் தடுக்க உலகெங்கும் பலகாலம் சேர்க்கப்பட்டவை ஃபுளோரின் கலந்த பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்கள், இவை மண்ணிலும் உடலிலும் எளிதில் சிதையாமல் தங்குபவை. எண்ணெய் தடுக்கும் பி.எஃப்.ஏ.எஸ். பூச்சுகள் உணவுப் பொதிகளுக்காக அமெரிக்காவில் இனி விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. கரும்பிலிருந்து வந்த தட்டு என்பதாலேயே அதில் உள்ளதெல்லாம் கரும்பு என்று கொள்ள முடியாது. வாங்குபவர் எண்ணெய்த் தடுப்புக்கு என்ன சேர்த்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

சோளம் முதலியவற்றின் மாவுச்சத்திலிருந்து பெறும் பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாகப் பி.எல்.ஏ., குவளைப் பூச்சாகவும் கரண்டியாகவும் வருகிறது. “மக்கும்” என்ற முத்திரை இதற்குண்டு. அம்முத்திரை ஏறத்தாழ 58 டிகிரி சூட்டைத் தொடர்ந்து காக்கும் உரக்கிடங்கில் மக்குவதைக் குறிக்கிறது. அடி அண்ணாமலைச் சாலையோரப் புதரில் அந்தச் சூடு கிடையாது. அங்கே கிடக்கும் பி.எல்.ஏ. கரண்டி பிளாஸ்டிக் கரண்டியைப் போலவே கிடக்கும்.

இலைக்குத் திரும்பிய ஆராய்ச்சி

வாழை இலையையே வலுப்படுத்தும் முயற்சி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. டெனித் ஆதித்யா என்னும் இளைஞர், பள்ளிப் பருவத்திலேயே தொடங்கி, இலையின் உயிரணுச் சுவரைப் பலப்படுத்தி அது வாடாமல் நீண்டகாலம் பசுமையாக இருக்கும்படி பதப்படுத்தும் முறையை உருவாக்கினார். வாழை இலைக்கு இருந்த இரண்டு குறைகள், விரைவில் வாடுவதும் கிழிவதும், இம்முறையின் இலக்கு. இலை நின்றுண்பவர் கையிலும் நிற்கும் என்பது இதன் சிறப்பு.

மற்றொரு பக்கம், பாக்குமட்டைக்கு எதிர்பாராத இடர் வந்தது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பாக்குமட்டைக் கலங்களுக்கு உணவோடு படும் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் மட்டையிலும் இருந்து உணவுக்குள் இறங்கலாம் என்பது காரணம். பாக்கு மெல்வது புற்றுநோய் விளைவிப்பது என்பது உலகம் ஏற்ற முடிவு. ஆனால் மெல்வதும், உணவு சில நிமிடம் மட்டையில் கிடப்பதும் ஒன்றல்ல. எவ்வளவு இறங்குகிறது என்பதைச் சூடான சாம்பாரிலும் புளிச்சாற்றிலும் நெய்யிலும் அளந்து பார்த்து, நம் உணவுக்கு ஏற்ற வரம்பை நம் ஆய்வகங்கள் வெளியிட வேண்டும். ஏற்றுமதியை நம்பியிருந்த தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள் அந்த அறிவிப்பால் அடிபட்டார்கள். உள்ளூர்ச் சந்தையில் மட்டைத்தட்டு விற்பனை தொடர்கிறது. பௌர்ணமிக்கு முன் அன்னதானக் குழுவினர் வாங்கும் பொருள்களில் அதுவும் மந்தாரைத் தொன்னையும் இடம்பெறுகின்றன.